ஏழாம் பதிவின் நோயாளி

மணிமொழி அந்தப் பயிற்சி ஒலிப்பதிவை நாற்பத்தோராவது தடவையாகக் கேட்டபோது, அதில் பேசும் வெள்ளைக்கார நோயாளி இருமினார். முந்தைய நாற்பது தடவையும் அவர் இருமவில்லை. அன்று மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆங்கிலப் பயிற்சி மையத்தில் அவளைத் தவிர யாருமில்லை. மின்விசிறிச் சத்தமாக இருக்கும் என்று ஹெட்போனை அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். முழங்கால் வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று நர்ஸ் கேட்பதற்கும் ஆறு வாரமாக என்று அவர் சொல்வதற்கும் நடுவில், தெளிவாக இரண்டு தடவை இருமினார்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் சிற்றூர் அவளுடையது. அப்பா தர்மனும் அம்மா வெள்ளச்சியும் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைப்பவர்கள். அந்த ஊரில் நர்ஸ் படிப்பு படித்த முதல் ஆள் மணிமொழி. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்தபின், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. வாசிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டாள். கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் இரண்டு தடவை தோற்றாள். பதிவை ஒரே ஒரு தடவைதான் ஓடவிடுவார்கள். கேட்கக் கேட்கத் தாளில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். வார்டில் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த டாக்டர் வருகிறார் என்று சொல்லக்கூடியவளுக்கு, அந்தக் குரல்கள் காதுக்குள் வந்தால் சல்லடையில் ஊற்றிய தண்ணீராகப் போய்விடும். வைகாசியில் மூன்றாவது தடவை எழுத வேண்டும். அதிலும் தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சென்னை ஏஜென்ட் சொல்லியிருந்தார். பயிற்சி மையம் நடத்திய ராஜாங்கம் சார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் இருந்தது மொத்தம் இருபத்து நான்கு பதிவுகள். அவற்றை அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்து, காது பழகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார்.

இருமியவர் ஏழாம் பதிவில் வருபவர். பெயர் ஹாரிஸ், வயது எழுபத்தொன்று, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரு நாய் உண்டு. பதிவு நான்கு நிமிடம் இருபது விநாடி. இருமல் வந்த வாரத்தில் அது ஐந்து நிமிடமானது, ஏனென்றால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். ராஜாங்கம் சாரின் கம்ப்யூட்டரிலும் அப்படியே கேட்டது. மணிமொழியோடு ஒரே அறையில் தங்கியிருந்த நைனார்பாளையத்துக் கலையரசி, அவளும் நர்ஸ்தான், தன் போனில் போட்டுக் கேட்டுவிட்டு, "இன்னாடி, இவருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கினு இருக்கு" என்றாள். பதிவில் இருக்கும் நர்ஸ் மட்டும் எதையும் கவனித்தவளாகத் தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போது வலிக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொடுத்த கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணிமொழி தன்னால் முடிந்ததைச் செய்தாள். அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் நெஞ்சுநோய் டாக்டர் போனை மேஜைமேல் வைக்கச் சொல்லி, அதன் ஸ்பீக்கரில் ஸ்டெதஸ்கோப்பைப் பொருத்திப் பதிவு முழுவதையும் கேட்டார். இடது நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா, உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்றவர், ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பதிவைத் தயாரித்த கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். குரல் கொடுத்த நடிகர் நலமாக இருக்கிறார், இந்தப் பதிவு எட்டு வருடத்துக்கு முந்தையது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. நடிகர் நலமாக இருந்ததில் ஹாரிஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. போனுக்குள் பேசிப் பார்த்தாள். நிமிர்ந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், அந்த நர்ஸிடம் மூச்சு முட்டுகிறது என்று சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. கேட்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் வாய்த்திருந்தது.

பேசப் பேசத்தான் அவருக்கு மூச்சு இளைக்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுவார் என்று நினைத்து அவள் ஒன்பது நாள் ஏழாம் பதிவைத் தொடவில்லை. கலையரசியையும் ராஜாங்கம் சாரையும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பத்தாம் நாள் திறந்தபோது பதிவு எட்டு நிமிடமாகியிருந்தது. நாயின் பெயரைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. ஒன்பது நாளும் அவர் அங்கே ஆளில்லாமல் கிடந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அதன்பிறகு காலை, மத்தியானம், சாயங்காலம் என்று வார்டில் ரவுண்ட் போவதுபோல மூன்று வேளையும் கேட்டாள். மூச்சை எண்ணி வார்டு சார்ட்டில் எழுதினாள். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. மற்ற இருபத்து மூன்று பதிவுகளைத் தொட நேரமில்லை.

"மணிமொழி, பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்தாம்மா இருக்குது" என்றார் ராஜாங்கம் சார்.

"தெரியுது சார்."

"அவருக்கு நீ இன்னா செய்ய முடியும், சொல்லு?"

"ஒண்ணும் முடியாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சென்னையில் தேர்வுக்கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு பெண் நோயாளி தனக்கு எந்த மருந்தால் உடம்பெல்லாம் தடிப்பு வந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். மணிமொழிக்கு முதல்முறையாக எல்லாமே கேட்டது. வார்த்தைகளுக்கு அடியில் ஓடிய மூச்சு, எச்சில் விழுங்க அவள் பட்ட சிரமம், குரல் கம்மிக்கொண்டு வந்தது எல்லாம் கேட்டது. மருந்தின் பெயர் எழுத வேண்டிய காலியிடத்தில், இவளுக்குத் தொண்டை வீங்குகிறது, உடனே ஆக்சிஜன் வையுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அடுத்ததில் ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது படுக்கை என்ற கேள்விக்கு, இந்த நர்ஸ் காலையிலிருந்து சாப்பிடவில்லை, யாராவது உட்காரச் சொல்லுங்கள் என்று எழுதினாள். நாற்பத்திரண்டு காலியிடங்களையும் அப்படியே நிரப்பினாள். மூன்று வாரம் கழித்து வந்த மதிப்பெண் முந்தைய இரண்டையும்விடக் குறைவு. இங்கிலாந்து மருத்துவமனை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது.

ஹாரிஸ் அதுவரை இருக்கவில்லை. தேர்வுக்கு மறுநாள் மத்தியானம் அவள் அறைக்கு வந்து சேர்ந்தபோது, வெள்ளச்சி மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கோடு இறங்கி வந்து கலையரசியிடம் பேசிக்கொண்டிருந்தாள். மணிமொழி பையைக்கூட இறக்காமல் பதிவைப் போட்டாள். பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.

"ஆருடி இது? இப்படி இழுத்துக்கினு இருக்காரு" என்றாள் வெள்ளச்சி.

"நோயாளிம்மா. இங்கிலாந்து."

"கூட ஆருமில்லியா?"

"ஒரு நர்ஸ் இருக்கா. அவ கேள்வி மட்டும்தான் கேப்பா."

வெள்ளச்சி போனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறாம் நிமிடத்தில் ஹாரிஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மகள் மொழிபெயர்ப்பதற்குள், "தண்ணி கேக்கறாருடி" என்று எழுந்துபோய்ச் சொம்பில் கொண்டுவந்து, போனுக்கு முன்னால் வைத்தாள். விரலை நனைத்து போனின் கண்ணாடித் திரையில் ஒரு சொட்டு விட்டாள். மணிமொழி தடுக்கவில்லை. பதினோராம் நிமிடத்தில், வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று பதிவில் இருந்த நர்ஸ் கேட்டாள். பதில் வரவில்லை. அவள் வழக்கம்போல நன்றி சொன்னாள், முடிந்தது. மணிமொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சார்ட்டில் நேரத்தை எழுதினாள். இரண்டு மணி ஐம்பத்தாறு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் இல்லை என்பதுதான் அப்போது அவளுக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தவள், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

முடிவு வந்த வாரம் தர்மன் மகளை அழைத்துப்போக வந்தார். ஆனியில் சாமை விதைக்க வேண்டும். முறைப்பையன் வீட்டில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். இனி இந்த ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. பயிற்சி மையத்தின் படியேறிப் போனபோது அவள் ஹெட்போனோடு உட்கார்ந்து, ஒரு புதிய தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்பும்மா, ரெண்டு மணி பஸ்சுக்குப் போய்டலாம்."

மணிமொழி ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "பத்தாம் பதிவுல ஒரு பொம்பளப்பா. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கினு இருந்தா. நேத்திலேந்து தலை சுத்துதுங்கறா."

தர்மன் நின்றபடியே யோசித்தார். "வூட்டு ஆளுங்க ஆராவது இருக்காங்களா?"

"மவ ஒருத்தி இருக்கான்னு சொல்றா. மவ பேச்சு பதிவுல எங்கியும் இல்ல."

"ஒன்னால எதுனா செய்ய முடியுமா?"

"முடியாதுப்பா."

"செரி" என்றார் தர்மன். கொண்டுவந்திருந்த சாமை அரிசிப் பையை மேஜைக்கு அடியில் வைத்தார். அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்ளும்வரை நின்றுவிட்டு, இரண்டு மணி பஸ்சுக்குத் தனியாக இறங்கிப் போனார். ஊரில் கேட்டவர்களிடம், மணிமொழி கள்ளக்குறிச்சியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு வர முடியாது என்று சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்கவில்லை.