செம்புச் சுருள் தோடு

பார்வதம் குனிந்து காபி டம்ளரை வைத்தபோதுதான் இராமகிருஷ்ணன் அவள் காதைப் பார்த்தார். வழக்கமான கல்தோட்டைக் காணோம். அந்த இடத்தில் வேறொன்று ஆடிக்கொண்டிருந்தது. செம்பு நிறத்தில் ஒரு சுருள். பாகல்கொடி பந்தலைப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி இரண்டரைச் சுற்றாகக் கீழே இறங்கி, நுனியில் ஒரு பச்சைக் கண்ணாடி மணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அவளுடைய நீண்ட முகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. தன் பெண்டாட்டியின் முகம் நீளம் என்பதே இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அவர் மனசு அழகில் நிற்கவில்லை, செம்பில் போய் நின்றது. அது கடையில் வாங்கிய கம்பி இல்லை. லேத்தில் செம்பைக் கடையும்போது உளிமுனையில் சுருண்டு விழுகிற சீவல். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் பொடிப் பொடியாகக் கோடு. இதை அவர் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவார்.

சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் அவர் கேட் தர்வான். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆயிரம் சைக்கிள்கள் வாசலுக்கு வரும். ஒவ்வொன்றிலும் தொங்குகிற சாப்பாட்டு கேரியரைத் தட்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் திறக்கச் சொல்லி, இடுப்பையும் பாக்கெட்டையும் தடவி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக இதே வேலை. சாம்பாருக்கு அடியில் பேரிங் வைத்துக் கொண்டுபோனவனையும் பிடித்திருக்கிறார், சாக்ஸுக்குள் பித்தளை போல்ட் வைத்தவனையும் பிடித்திருக்கிறார். கல்யாண வீட்டில் மொய்க்கவரோடு கைகுலுக்க வருகிறவனைக்கூட முதலில் பாக்கெட்டில்தான் பார்ப்பார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கண் அப்படிப் பழகிவிட்டது.

"ஏது தோடு?" என்றார்.

"அம்பத்தூர் மார்க்கெட்ல, ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினேன்."

"எந்தக் கடை?"

"கடை பேரெல்லாம் யாரு பாத்தா? காபி ஆறுது, குடிங்க."

பொய். பதில் சீக்கிரம் வந்தது, கண் வேறு பக்கம் போனது. கேட்டில் பொய் சொல்கிறவர்களும் இப்படித்தான் சட்டென்று சொல்வார்கள், சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். இராமகிருஷ்ணன் காபியைக் குடித்தார். அது ஆறித்தான் போயிருந்தது.

அன்றைக்கு அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவள் கூடைப் பையை எடுத்து அலசினார். இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத காரியம். ரேஷன் கார்டு, உடைந்த சீப்பு, பஸ் டிக்கெட், அதற்கும் கீழே நான்காக மடித்த ஒரு காகிதம். பென்சிலால் ஒரு பெண்ணின் முகம் பக்கவாட்டில் வரைந்திருந்தது. மூக்கைப் பார்த்தால் பார்வதமேதான். காதுக்குக் கீழே சுருளை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, இரண்டை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள். காகிதத்தைத் திருப்பினால், பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் உபவாச ஜெபக் கூட்டத்துக்கான நோட்டீஸ்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அந்தச் சபைக்குப் போகிற குடும்பங்கள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் படம் வரையக் கூடியவள் ஞானகுமாரி. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கு அட்டையில் ஆடும் மேய்ப்பனும் வரைந்து கொடுப்பாள். அவள் புருஷன் பால்ராஜ் தொழிற்சாலையில் டர்னர். லேத்தில் நிற்கிறவன். செம்பு, லேத், சொந்தப் பெண்டாட்டியின் பொய். எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வந்து நின்றது. இதில் இன்னொன்றும் இடித்தது. அந்தச் சபைக்காரர்கள் நகையே போட மாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த அன்றே தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஞானகுமாரியின் காதில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. காதில் குண்டுமணித் தங்கம்கூட இல்லாதவள் ஊராருக்குத் தோடு செய்கிறாள் என்றால், அதில் விஷயம் இல்லாமலா இருக்கும்?

கேட்டில் அவருடன் நிற்கிற துலுக்கானம் வெள்ளானூர்க்காரன். அவனிடம் பட்டும் படாமலும் விசாரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, உனுக்குத் தெரியாதா?" என்றான் துலுக்கானம். "பொம்பளைங்க அல்லாம் அந்தம்மா ஊட்டுக்குத்தான் போய்கினு கீறாங்க. எங்கூர் டீச்சரம்மாகூட போவுது. உள்ள பூந்தா கதவ சாத்திக்கிறாங்க. இன்னா பண்றாங்கன்னு ஒண்ணும் பிரியல."

"கதவைச் சாத்திக்கிறாங்களா?"

"ஜன்னலையும்."

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியில்லை. தொழிற்சாலைச் சொத்தை வெளியே கொண்டுபோனது தெரிந்தால் பால்ராஜுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்பான். சொல்லாமல் விட்டு, நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால்? கேட் தர்வானின் பெண்டாட்டி காதிலேயே திருட்டுச் செம்பு ஆடுகிறது என்றால் பதினெட்டு வருஷச் சர்வீஸும் ஒரே நாளில் காலி. எல்லாரையும் சோதனை போட்டவனை நிற்க வைத்துச் சோதனை போடுவார்கள். அந்தப் பயம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. நியாயத்துக்காகச் செய்கிறேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை.

சனிக்கிழமை சங்கு ஊதியது. பால்ராஜ் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பால்ராஜு, சைக்கிள ஓரங்கட்டு."

"என்னண்ணே?"

"கேரியரத் தொற."

திறந்தான். நான்கு அடுக்கும் காலி. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஷூவைக் கழற்றச் சொன்னார். பின்னால் வரிசை தேங்கி, மணி அடித்து, என்ன ஏது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. பால்ராஜின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சட்டைப் பாக்கெட்டில் கை வைத்தபோது காகிதம் நெருடியது. பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி தோடு. செம்புச் சுருளை வட்டமாகப் படுக்க வைத்து, நடுவில் சிவப்பு மணி பதித்திருந்தது. இராமகிருஷ்ணன் அதை உள்ளங்கையில் வைத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"இது என்னது?"

பால்ராஜ் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, தனியா வாங்கண்ணே, சொல்றேன்" என்றான்.

"இங்கயே சொல்லு."

"என் வொய்ஃபு செஞ்சதுண்ணே. செக்‌ஷன்ல ஒருத்தர் அவங்க வீட்டம்மாவுக்குக் கேட்டிருந்தாரு. இன்னைக்கு அவரு லீவு. குடுக்க முடியல, திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"செம்பு ஏது?"

பால்ராஜ் பின்னால் திரும்பி, வரிசையில் ஐந்தாவதாக நின்ற எட்மண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்மண்ட் அவனுடைய சபையில் மூப்பர். அவர் பார்வை இராமகிருஷ்ணனின் உள்ளங்கையிலேயே இருந்தது. பால்ராஜ் முழித்ததைப் பார்த்து, தப்பு செய்தவன் முழி இதுதான் என்று இராமகிருஷ்ணன் நினைத்தார். செக்யூரிட்டி ஆபீசருக்கு ஆள் அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆபீசர் போர்மேனை அழைத்தார். போர்மேன் தோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு இராமகிருஷ்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, எங்க ஷாப்ல ஓடுறது அத்தனையும் இரும்பு. செம்பக் கண்ணால பாத்து ரெண்டு வருஷமாச்சு. உள்ள என்ன ஓடுதுன்னே தெரியாம புடிச்சு நிறுத்துவியா?"

வெளியே போகிறது என்னவென்று பார்த்தே பதினெட்டு வருஷம் போயிருந்தது. உள்ளே எந்த லேத்தில் எது ஓடுகிறது என்று அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. ஆபீசர், "சரி சரி, போகச் சொல்லு" என்றார். பால்ராஜ் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டான். லேஸைக் கட்டக் கை வரவில்லை, அப்படியே உள்ளே செருகிக்கொண்டு போனான். எட்மண்ட் அவனுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்.

இராமகிருஷ்ணன் வீட்டுக்குள் நுழையும்போதே பார்வதத்துக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"திருமழிசைல மோட்டார் சாமான் செய்யற கம்பெனி ஒண்ணு இருக்கு. அங்க கழிச்சுப் போடற செம்பு அது. ஞானகுமாரி வாசல்ல நின்னு வாங்கிட்டு வரும். நானே கூடப் போயிருக்கேன், பூந்தமல்லி போயி பஸ் மாறி. ஒவ்வொரு சுருளா வெயில்ல புடிச்சுப் பாத்துப் பொறுக்கும். நம்ம மூஞ்சியக் கால் மணி நேரம் பாத்துட்டுத்தான் கையில இடுக்கியே எடுக்கும். ஒருத்திக்குச் செஞ்சத இன்னொருத்திக்குச் செய்யாது. ஒரு வளைகாப்புல வெள்ளானூர் டீச்சர் காதுல பாத்துட்டு, யாரு செஞ்சதுன்னு மூணு வாரம் கெஞ்சினேன். அதுக்கப்புறம்தான் வீட்டக் காட்டினாங்க."

"அப்ப எதுக்குக் கதவச் சாத்தணும்? நீ எதுக்கு அம்பத்தூர்னு பொய் சொல்லணும்?"

"அவங்க சபைக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துது. நகை போடத்தான் கூடாதுன்னாங்க, செய்யக் கூடாதுன்னு யாரும் சொல்லலையேக்கான்னு சிரிக்கும். சிரிச்சுட்டுப் போய்க் கதவச் சாத்தும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். என் பையத் தொறந்து பாத்திருந்தீங்க. மடிச்சு வச்ச காகிதம் வேற மாதிரி மடிச்சிருந்துது. அப்புறம் சொல்லத் தோணல."

இராமகிருஷ்ணனுக்கு வெட்கமாக இருந்தது. பால்ராஜின் லேஸ் கட்டாத ஷூ கண்ணுக்குள்ளேயே நின்றது. திருடனைப் பிடிக்கிறேன் என்று போய், ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே சந்தோஷத்தை நடு வாசலில் தூக்கிக் காட்டியிருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, மன்னிப்புக் கேட்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். பார்வதம் வேண்டுமென்றே அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பால்ராஜ் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் நிறைய செருப்புகள். உள்ளே பாயில் பாஸ்டர், எட்மண்ட், வெள்ளைப் புடவையில் இரண்டு சிஸ்டர்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் ஞானகுமாரி செய்தவை எல்லாம் கிடந்தன. சுருள் சுருளாக, இலையாக, மீனாக, பெயர் வைக்க முடியாத வடிவங்களாக. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. அவற்றின் ஓரத்தில் அவள் இடுக்கியும் ஒரு அரமும். பால்ராஜ் சுவரில் சாய்ந்து நின்றான். அவர்களைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றான். அந்த வார்த்தையில் கோபம் எதுவும் இல்லாதது இராமகிருஷ்ணனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பாஸ்டர் நல்ல மாதிரி மனிதர்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"சிஸ்டர், இது திருட்டு இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா மத்தவங்க ஆசையத் தூண்டுற வேலை நமக்கு எதுக்கு? இனி செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜெபம் பண்ணிட்டு இதோட விட்டுடலாம். இல்லேன்னா அடுத்த வாரம் சபையில வச்சுப் பேச வேண்டியதாப் போகும்."

ஞானகுமாரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பார்வை தாம்பாளத்தில் இல்லை. வாசல் பக்கம் வந்து பார்வதத்தின் முகத்தில் நின்றது. இராமகிருஷ்ணன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் பாஸ்டர், "முதல்ல ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. ஐயா, நீங்களும் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். பார்வதம் ஞானகுமாரிக்குப் பக்கத்தில். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எல்லாக் குரலும் சேர்ந்து எழுந்தது. எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. இராமகிருஷ்ணன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் நடுவில் கண்ணை மூடி அவருக்குப் பழக்கம் இல்லை. அதனால்தான் அதைப் பார்த்தார். ஞானகுமாரியின் கை மெல்ல நீண்டு பார்வதத்தின் இடது காதைத் தொட்டது. அந்தப் பக்கத் தோடு கொஞ்சம் முன்பக்கமாகத் திரும்பியிருந்தது, இப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. பார்வதம் சட்டென்று கண் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஞானகுமாரி தாம்பாளத்திலிருந்து சத்தமில்லாமல் இடுக்கியை எடுத்து, மடியில் முந்தானைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கொக்கியை மயிரிழை அளவு பின்னால் வளைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது. மறுபடி இடுக்கியை வைத்தாள். அப்போது நிமிர்ந்தவள், அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கை அப்படியே நின்றது. இடுக்கியைக் கீழே போடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முந்தின நாள் பால்ராஜ் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி அவரையே பார்த்தாள்.

ஜெபத்தை நடத்திய எட்மண்டின் குரல் ஓங்கி, தணிந்தது. ஜெபம் முடியப் போகிறது என்று தெரிந்தது.

இராமகிருஷ்ணன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். இருட்டில், ஆமென் ஆமென் என்கிற அத்தனை குரல்களுக்கும் அடியில், இடுக்கி கடிக்கிற சின்னச் சத்தம் மறுபடியும் கேட்டது.