பதினாறு கிளிக்

அமலாவுக்கு முதல் ரேடியேஷன் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு.

மேசையில் படுத்திருந்தது ஆறு நிமிடம். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம். கணவன் கோவிந்தராசுவின் பிக்கப்பில் போனார்கள். அவன் கடைகளுக்கு ரோலர் ஷட்டர் பொருத்துகிறவன். வீட்டில் இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

டாக்ஸி என்றால் இருக்கை தாழ்வு. அமலாவின் முதுகெலும்பில் மூன்று இடங்களில் நோய் பரவியிருந்தது. அவ்வளவு குனிந்து உட்கார அவளால் முடியவில்லை. பிக்கப்பின் இருக்கை உயரம். ஒரு முக்காலியைப் போட்டால் ஏறிவிடலாம். படுக்கவைத்துக் கூட்டிப்போகும் வண்டியை அவள் வேண்டாம் என்றாள். அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள்.

கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியேறும் வழியில் ஒரு வேகத்தடை. காலியாக இருந்த பின்பக்கம் அதில் ஏறிக் குதித்தது. அமலா கதவின் மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை. வீடு திரும்பும்வரை பெரும்பாலும் கை அங்கேயே இருந்தது.

"நாளைக்கு நான் வரலைங்க," என்றாள் வீட்டில்.

"பத்து தடவை போகணும்னு டாக்டர் சொன்னாரே."

"அங்க படுக்குறது ஒண்ணும் இல்ல. வண்டியிலதான்."

இது நோயைக் குணமாக்க அல்ல, வலியைக் குறைக்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து முறையும் தவறாமல் வந்தால் இரவில் தூங்க முடியலாம் என்றார். அமலா கடைசியாக ஓர் இரவு முழுக்கத் தூங்கியது எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை.

அன்று மதியம் கோவிந்தராசு வண்டியை சுங்கை காடுட்டில் இருந்த அப்துல் கையூமின் பட்டறைக்கு ஓட்டிப்போனான். கையூம் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் அழுத்தி விட்டான்.

"பிக்கப்னா அப்படித்தாண்ணே. ஒரு டன் ஏத்துறதுக்குச் செஞ்ச வண்டி. காலியா போனா குதிக்கும். நீங்க என்ன, இதுல தாலாட்டா கேக்குறீங்க?"

"அமலாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும், பாய். தினமும்."

கையூம் சிரிப்பை நிறுத்தினான். உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தான். நான்கு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் விரலால் திருகக்கூடிய ஒரு குமிழ் இருந்தது.

"பதினாறு செட்டிங். திருப்புனா கிளிக், கிளிக்னு கேக்கும். வலது பக்கமா நிக்கிற வரைக்கும் திருகுங்க. அது சைபர். அங்கேர்ந்து இப்படித் திருப்பிக்கிட்டே எண்ணுங்க. நாலு சக்கரமும் ஒரே நம்பர்ல இருக்கணும். இப்ப எட்டுல விடுறேன்."

"எது நல்லா இருக்கும்?"

"அத நான் எப்படிண்ணே சொல்றது? உக்காந்து வர்றவங்கதான் சொல்லணும். ஓட்டிப் பாத்து மாத்திக்குங்க."

எண்ணைக் குறைத்தால் மென்மையாகும் என்று கோவிந்தராசு எடுத்துக்கொண்டான். அவன் அதைக் கேட்கவில்லை. கேட்க ஏதோ இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அமலா லிப்ட் அருகே நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வா. வலிச்சா விட்டுடலாம்," என்றான்.

வந்தாள். திரும்பும்போது பி.கே.இ. விரைவுச்சாலையில் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"எத்தனைல வச்சிருக்கீங்க?"

"எட்டு."

"பரவால்ல. நேத்தைக்கு இது பரவால்ல."

"நாளைக்கு ஆறுல வைக்கிறேன். இன்னும் சாஃப்டா இருக்கும்."

"சரி."

அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சில வாரங்களாகவே அப்படித்தான். வாங்கி வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்த பிறகு, மீனா கோழியா என்று யோசித்தால் நினைவுக்கு வராது. அதனால் அவளைக் கேட்டான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஓர் அட்டையை விரித்துப் படுத்தான். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் கையை விட்டு, குமிழை நிற்கும்வரை திருகி, பிறகு ஆறு எண்ணினான். அமலா தூணோரம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு டாக்டர் ஆயிட்டீங்க."

"அசையாம இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"நான் அசைஞ்சா உங்களுக்கு எண்ண வராதா?"

அன்று, நல்லா இருக்கு என்றாள். வியாழக்கிழமை நான்கு. இன்னும் நல்லா இருக்கு என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு.

"இன்னைக்கு எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணுமே தெரியல."

ஷட்டர் அளவுகளைக் குறிக்கும் நோட்டை எடுத்து எழுதினான். இரு கடைகளின் அகல உயரங்களுக்கு நடுவே: வெள்ளி. 2. ஒன்றும் தெரியவில்லை.

சனி, ஞாயிறு சிகிச்சை இல்லை. அமலா இரண்டு நாளும் படுத்திருந்தாள். திங்கட்கிழமை ஒன்றில் வைத்தான். செவ்வாய்க்கிழமை சைபரில். அன்று வீடு வந்ததும் அவள் முக்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் லிப்டுக்கு நடந்தாள். இரண்டாம் வாரத்தில் உடம்பு சோரும் என்று மருத்துவமனைத் தாதி முன்பே சொல்லியிருந்தாள். கோவிந்தராசு அதை நினைத்துக்கொண்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"சைபர்தானே? சைபர்தான் நல்லா இருக்கு. இனிமே மாத்தாதீங்க."

அன்று மதியம் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு நகைக்கடைக்குப் புது ஷட்டர் போட வேண்டியிருந்தது. அவனிடம் வேலை செய்யும் அங்கமுத்து பொங்கோலில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தான். திருவாரூர்க்காரன், மார்சிலிங்கில் ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். பொங்கோலில் இருந்ததால் பத்து நாளாக பிக்கப்பில் ஏறவில்லை. தேக்காவில் ஏறிக்கொண்டான். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய டீ.

சிராங்கூன் ரோட்டில் சாலையைத் தோண்டி இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். பிக்கப் அதில் ஏறி இறங்கியது. டீ சிந்தி அங்கமுத்துவின் சட்டை நனைந்தது.

"பாஸ், வண்டியில ஸ்பிரிங் இருக்கா? இல்ல கழட்டி வித்துட்டீங்களா?"

"புது அப்சார்பர் போட்டிருக்கேன். சாஃப்ட்ல வச்சிருக்கு."

"இதுவா சாஃப்டு?" அங்கமுத்து சட்டையை உதறினான். "என் எலும்பை எல்லாம் எண்ணிரலாம் போல இருக்கு, அப்படி ஒவ்வொண்ணாத் தூக்கிப் போடுது. பழசுல வந்தப்பகூட டீ குடிச்சேன் பாஸ். இதுல குடிக்க முடியாது லா."

"விளையாடாத."

"நான் ஏன் விளையாடுறேன்? வேணும்னா நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் எறங்கித் தள்ளிக்கிட்டு வரேன்."

நகைக்கடை வாசலில் ஷட்டரின் ஸ்பிரிங்கை முறுக்கினார்கள். தளர்ந்து கிடப்பது சைபர். ஒன்று, இரண்டு, மூன்று என்று அங்கமுத்து எண்ண, கோவிந்தராசு கம்பியால் சுற்றினான். எண் கூடக் கூட இறுகியது. ஏழில் நிறுத்தினான்.

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு பாஸ்," என்றான் அங்கமுத்து.

கோவிந்தராசு கம்பியைப் பிடித்தபடி நின்றான். பிறகு மீதி இரண்டையும் சுற்றினான். ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

ஐந்து மணிக்கு சுங்கை காடுட்டில் கையூம் மண்டியிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். குமிழ் திரும்பவில்லை.

"ஏண்ணே இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க?"

"சைபர்ல வச்சேன்."

"சைபர்தானே ஃபுல் ஹார்டு. பின்னாடி முழுக்க இரும்பு ஏத்துனா வைக்கிறது."

"நம்பர் குறைஞ்சா சாஃப்டு இல்லையா?"

"இல்லண்ணே. சைபர்லேர்ந்து எவ்வளவு தளர்த்துறோம், அதான் நம்பர். பதினாறு ஃபுல் சாஃப்டு." கையூம் எழுந்தான். "நான் சொன்னேனே."

சொன்னானா என்று கோவிந்தராசு யோசித்தான். சைபர் எது என்று சொன்னான். அது இறுக்கமா தளர்வா என்று சொல்லவில்லை. ஒரு ஷட்டர்காரனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று கையூமுக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை நாளா அப்படி?"

"எட்டு, ஆறு, நாலு, ரெண்டு, ஒண்ணு, சைபர்."

கையூம் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்தான்.

"அண்ணி ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா இருக்குன்னு சொன்னா."

கையூம் மறுபடி மண்டியிட்டான். "ஃபுல் சாஃப்ட்ல வச்சா ஒரு குலுக்கலுக்கு நாலு தடவ ஆடும். அதுவும் முதுகுக்கு ஆகாது. பதினாலுல விடுறேன்," என்றான். அவனே நான்கு சக்கரத்துக்கும் எண்ணினான். சத்தமாக எண்ணினான்.

கோவிந்தராசு அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அமலா மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை அவன் அட்டையை விரிக்கவில்லை. நேராக வண்டியைத் திறந்து முக்காலியைப் போட்டான்.

"இன்னைக்கு எண்ணலையா?"

"நேத்தே வச்சாச்சு."

திரும்பும்போது, விரைவுச்சாலைக்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பி, டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. குளிர்காற்று வந்துகொண்டிருந்தது.

"நான் எண்ணுனது தப்பு," என்றான். "சைபர்தான் ரொம்ப ஹார்டு. நாளுக்கு நாள் ஹார்டாக்கிக்கிட்டே வந்திருக்கேன்."

அமலா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ," என்றாள்.

"இன்னைக்கு பதினாலு. இதுதான் சாஃப்டு."

"சரி."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

போன வியாழக்கிழமை சொன்ன அதே குரல். செவ்வாய்க்கிழமை சொன்ன அதே குரல். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அதிலும் எதுவும் தெரியவில்லை. உதடு காய்ந்திருந்தது. அது எல்லா நாளும் காய்ந்திருந்தது.

"போன வியாழக்கிழமையும் நல்லா இருக்குன்னுதான் சொன்ன."

"ஆமா."

"நேத்து சைபர்தான் நல்லா இருக்குன்னு சொன்ன. மாத்தாதீங்கன்னு சொன்ன."

"நீங்க கீழ படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டிருந்தீங்க," என்றாள்.

அவன் தலையசைத்தான். பக்கத்தில் ஒருவர் காற்றுக் குழாயை இழுத்துத் தன் காரின் சக்கரத்தில் வைத்தார். இயந்திரம் நான்கு முறை கத்தி நின்றது.

அமலா இருக்கையில் கொஞ்சம் நகர்ந்தாள். வலியால் நகர்ந்தாளா, சும்மா நகர்ந்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்தான்," என்றாள். "போயிட்டு வந்துடலாம்."

"நம்பரை நான் சொல்றதில்ல இனிமே."

"ம்."

"நீ சொல்லணும்."

"எனக்கு என்னங்க தெரியும், வண்டியைப் பத்தி?"

கோவிந்தராசு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் தொடை மேல் வைத்தான். வண்டியைப் பற்றி இதுவரை எழுதியது முழுவதையும் அடித்தான். கீழே வியாழன் என்று எழுதினான். பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு எத்தனைல வைக்கட்டும், அமலா?"