எடைக்குப் போகவிருந்த ஸ்பீக்கர்கள்

மதியம் லாரி வந்துவிடும். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறு ஸ்பீக்கர்களும் எடைக்குப் போகும். அத்தோடு ரிட்டர்ன் பிரிவுக்கும் பூட்டு. அங்கே வேலை பார்க்கும் ஒன்பது பேரின் வயிற்றிலும் அடி. பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ‘ஓடவில்லை’ என்று வரும் ஸ்பீக்கர், சோதனை மேசையில் வைத்தால் சமர்த்தாகப் பாடுகிறது. சரியென்று கடைக்கு அனுப்பினால் மறுமாதமே வந்து நிற்கிறது. இந்தச் சாமானோடு யார்தான் மல்லுக்கட்டுவது?

அந்த நேரம் பார்த்து, அவள் தங்கையின் கணவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உங்க கம்பெனி சாமானுன்னு நம்பி வாங்கினேன் பாருங்க அக்கா, என்னைச் சொல்லணும்.”

“நீங்க வேற எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாதீங்க மாப்பிள்ளை.”

சோதனை மேசையை ஏற்கெனவே கழற்றிக் கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், பெட்டியில் இருந்த அடாப்டரையே சுவரில் செருகினாள். பாட்டு வந்தது. நாலே நிமிடத்தில் பொசுக்கென்று அடங்கியது. அடாப்டரைத் தொட்டால் கை சுட்டது. சோதனை மேசையில் பயன்படுத்தும் அடாப்டரைத் தேடி எடுத்து மாட்டினாள். கால் மணி நேரமாகியும் பாட்டு நிற்கவில்லை.

அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. திரும்பி வரும் பெட்டியைப் பிரித்ததும் அடாப்டர் ஒரு பீப்பாய்க்குப் போகும், ஸ்பீக்கர் மட்டும் மேசைக்கு வரும். மேசைக்கென்று நல்ல அடாப்டர் ஒன்று இருந்தது. கடைக்கு அனுப்பும்போதோ, பீப்பாயில் கைக்கு வந்ததை எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு, அவன் தம்பிக்கு இத்தனை நாளும் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

பீப்பாயைக் கவிழ்த்தாள். ஒன்பது பேரும் அக்காவுமாக ஆளுக்கு இரண்டாக மாட்டினார்கள். இருபதில் பதினேழு படுத்துக்கொண்டன. அக்கா மேலாளரைப் பார்க்க மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள்.

“சார், ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்ல. அடாப்டர்தான் சூடாகிச் சாகுது. அதை மட்டும் மாத்தினா மொத்தத்தையும் விக்கலாம். அடாப்டர் குடுத்தவங்களையே மாத்தித் தரச் சொல்லலாம்.”

மேலாளர் கீழே வந்து, தானே மாட்டிப் பார்த்தார். உடனே வாசலுக்குப் போன் போட்டார்.

“லாரிய வெறுமனே அனுப்பிடுங்க.”

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை அவர்களையும் மிஞ்சித் தட்டினார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒண்ணுதான் புரியல,” என்றார் மேலாளர். “அடாப்டரைத் தனியாப் பிரிச்சுப் போடச் சொன்ன புத்திசாலி யாரு?”

கைதட்டல் நின்றது.

“நான்தான் சார்,” என்றாள் அக்கா. “நேரம் மிச்சமாகும்னு சொன்னேன். அதுக்கு நீங்கதான் பரிசு குடுத்தீங்க.”