உறவுக் கட்டம்

ஐம்பத்துநாலாம் வருசம், ஹட்டன் பஜாரில் ஹலீம் நானாவின் துணிக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள் ராசம்மா. மடியில் இரண்டு கடிதங்கள். அவளுடைய பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடி, பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பேச்சியம்மாவுடையதும் தள்ளுபடி. வெள்ளைக்காரன் கப்பலேறிய கையோடு, கடல் தாண்டி வந்த தேயிலைத் தோட்டத்துச் சனம் இந்த நாட்டுச் சனமே இல்லை என்று சட்டம் போட்டார்களே, அந்தப் புண்ணியவான்கள் நன்றாயிருக்கட்டும்.

எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரே மலையில் கொழுந்து பறித்த நாளிலிருந்து ராசம்மாவுக்கு ஒரே ஆசைதான்: புருசன் பெண்சாதி குடித்தனம் நடத்துவதுபோல் பேச்சியோடு நடத்த வேண்டும். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா குடும்பத்துக்குத்தான் கிடைக்கும். பேச்சி கொஞ்சமும் கூசாமல் கிளாக்கரய்யாவிடம் போய், "எங்கூடப் பொறந்த அக்காங்க சாமி, எங்களுக்கு வேற நாதியில்ல" என்று ஒரு போடு போட்டாள். அவரும் ராசம்மாவின் அப்பன் செல்லசாமியையே பேச்சிக்கும் அப்பனாக்கிப் புத்தகத்தில் எழுதிவிட்டார். பதினோரு வருசம் அந்தப் பொய்தான் கூரை. "அக்கா தங்கச்சின்னா இப்புடியில்ல இருக்கணும்" என்று லயமே மூக்கில் விரல் வைக்கும். இவர்கள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பிரஜாவுரிமைக்குப் பிறப்புச் சாட்சி கேட்டார்கள். பேச்சியின் பிறப்புப் பத்திரத்தில் அப்பன் பெயர் சிவசாமி. விசாரணைக்கு வந்த ஐயா அதையும் தோட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மொழிபெயர்த்தவன் ராசம்மாவைக் கேட்டான்:

"தங்கச்சி இல்லன்னா, இவ ஒனக்கு யாரு?"

காய்ச்சலில் கிடந்தபோது கூடையை மலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தவள் என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை கொண்டுவந்த மாமனை விளக்குமாற்றோடு விரட்டியவள் என்று சொல்லியிருக்கலாம். பாவி, தன்னோடு ஒட்டில்லை என்றால் பேச்சியின் மனுவாவது தப்பும் என்று நினைத்து வாய் திறந்தாள்.

"யாரும் இல்லீங்க."

ஒன்றும் தப்பவில்லை. பொய் சொன்னதாக இரண்டு மனுவும் போயிற்று. மாசக் கடைசிக்குள் பேச்சி காம்பராவை விட்டுப் போக வேண்டுமென்று தோட்டத்து ஆபீசும் சொல்லிவிட்டது. ராசம்மா அந்தப் பதிலைச் சொன்ன நாளிலிருந்து பேச்சி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது ராசம்மாவுக்கு நாடு இல்லாமல் போனதைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

தோட்டத்துச் சனத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர் ஹலீம் நானாதான். இருவருக்கும் சேர்த்து மறுபடியும் ஒரே மனுவாக எழுதிக்கொண்டே வந்தவர், உறவு கேட்ட கட்டத்தில் பேனாவைத் தூக்கினார்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஒறவுன்னு கேட்டிருக்கு. சிநேகிதின்னு போடவா?"

பேச்சி சட்டென்று திரும்பினாள். "சிநேகிதிக்குக் காம்பரா குடுப்பாங்களா நானா?"

"அதுக்கு மேல சட்டத்துல சொல்லு இல்லையே புள்ள."

"இன்னிக்கு இல்ல. எடத்த வுட்டு வைங்க. எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன் வராமலா போயிருவான்?"

"மறுபடியும் தள்ளிருவாங்க."

"தள்ளட்டும். மறுபடியும் எழுதுவோம். இனிமே பொய் எழுதக்கூடாது, அவ்வளவுதான்." அதற்குப் பிறகு, ராசம்மாவைப் பாராமலே சொன்னாள்: "யாரும் இல்லைன்னும் எழுதக்கூடாது."

ராசம்மா கொழுந்துக்கறை ஏறிய பெருவிரலை மைத்தட்டில் அழுத்தி எடுத்தாள். நானா காட்டிய இடத்தை விட்டுவிட்டு, உறவு கேட்ட அந்த வெற்றுக் கட்டத்தில் ஊன்றினாள்.

"அடியே, ரேகை கீழ வைக்கணும்! காயிதத்தக் கெடுத்துட்டியே!" என்று பதறினார் நானா.

பேச்சி காகிதத்தைப் பார்த்தாள், ராசம்மாவைப் பார்த்தாள். மைத்தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தச் சின்னக் கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், ராசம்மாவின் ரேகையை ஒட்டித் தன் விரலையும் வைத்தாள்.

நானா கிழித்துப் போடுவார் என்றுதான் ராசம்மா நினைத்தாள். அவர் காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மை காயட்டும் என்று வாசல் வெளிச்சத்தில் நின்றார்.