இருபதடி ஆதரவு

சூசைமுத்து சிறைக்குப் போன பதினெட்டாவது நாள் அவருக்கு ஆதரவு வந்து சேர்ந்தது. அகலம் இருபதடி, உயரம் பன்னிரண்டடி. நத்தம் ரோடு வளைவில், ஆறு சவுக்குக் கம்புகளின் மேல் அது நின்றது.

காலையில் பால் வாங்கப் போன ஆனந்தமேரி, கையில் பாக்கெட்டோடு அதன் எதிரே நின்றுவிட்டாள். 'அறவழிப் போராளியே, வாழும் காந்தியே, சிறை மீண்டு வா' என்று ஆளுயர எழுத்து. நடுவில் கும்பிட்டபடி நின்றவர் பெருமாள்சாமி, சூசைமுத்து விடுதலை ஆதரவுக் குழுவின் தலைவர். அவரைச் சுற்றிப் பதினான்கு பேர்: செல்போனில் பேசுகிற மாதிரி சிலர், தூரத்தில் நாட்டின் எதிர்காலம் தெரிகிற மாதிரி சிலர். வலது ஓரத்தில் காந்தியின் மூக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குக் கீழே, ரேஷன் கார்டில் இருக்கிற அளவுக்கு ஒரு மீசைக்காரர். அது தன் புருஷன் என்று பிடிபட அவளுக்குச் செத்த நேரம் ஆனது. மின்வாரிய அடையாள அட்டையில் இருந்த படம். அந்த மீசையை அவர் மழித்து இருபது வருஷம் ஆகிறது.

வேறொரு குடும்பமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். சூசைமுத்து உள்ளே இருப்பதே பேனரை அவிழ்த்த குற்றத்துக்காகத்தான்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வளைவில் ஒரு காதுகுத்து பேனர் எதிர்ப்பக்கத்தை மறைத்து நின்றது. நத்தத்திலிருந்து மாங்காய் ஏற்றி வந்த வேன், பூ மார்க்கெட்டுக்கு சைக்கிளில் மல்லிகை மூட்டை கொண்டுபோன அப்பாஸை அடித்துத் தள்ளியது. அப்பாஸுக்கு ஒரு கால் போனது. பேனரில் சிரித்த குழந்தைக்குக் காதணி விழா குறித்தபடி நடந்தது. அன்றைக்கு ஏணியை எடுத்தவர்தான் சூசைமுத்து.

அவருக்கு ஒரு முறை இருந்தது, பிசகாத முறை. பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க ஏறுவார். கிழிக்கமாட்டார். கட்டுக்கம்பியை மட்டும் கட்டிங் பிளேயரால் வெட்டி, பேனரைப் பாய் மாதிரி சுருட்டி, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், 'அனுமதி இல்லாத இந்தப் பேனரை இன்ன நேரத்தில் நான்தான் அவிழ்த்தேன். நடவடிக்கை எடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுப்பார். ஸ்டேஷனில் கடிதத்தைத் தொடமாட்டார்கள், பேனரை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். கைப்பற்றிய இருசக்கர வாகனங்களை மூட அதுதான் வசதி. மழைக்காலம் முழுக்க அந்த வண்டிகள் யார் யாருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கடியிலோ நனையாமல் கிடந்தன.

எல்லாம் நிலம் விற்கும் மோகன்குமாரின் ஐம்பதாவது பிறந்தநாள் வரைக்கும்தான். அந்தப் பேனரைத் தொட்டதும் திருட்டு, சேதம் என்று வழக்காகி, சூசைமுத்து கிளைச்சிறைக்குப் போனார். ஜாமீன் அடுத்த வாரமே கிடைத்தது. இனிமேல் எந்தப் பேனரையும் தொடமாட்டேன் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவர் தரவில்லை.

போன வியாழக்கிழமை கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஆனந்தமேரி கேட்ட கேள்வியைப் பக்கத்தில் நின்ற வார்டரும் ரசித்தார். "ஒரு வரி. எழுதுனா கையா தேஞ்சிரும்? பென்சனுக்கு எழுதுறீக, கேஸ் சிலிண்டருக்கு எழுதுறீக, பொண்டாட்டி வீட்டுல ஒத்தையில கெடக்கான்னு ஒரு கையெழுத்துப் போட முடியல."

"பொய்யா எழுதச் சொல்றியா மேரி? வெளிய வந்த மறுநாளே ஏறுவேன்ல."

"அப்பக் கெடங்க. சுகர் மாத்திரை இந்தா இருக்கு. அதையும் கொள்கைன்னு சொல்லித் திங்காம கெடங்க."

அவள் இருபத்தெட்டு வருஷமாய்ச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். நூற்றுப் பத்துப் பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைப்பாள். ஒரு மனுஷனை எழுந்து வரவைக்க முடியவில்லை என்பது அவளுக்குத் தீராத எரிச்சல்.

பாலை வீட்டில் வைப்பதற்குள் வக்கீல் பர்ஹானாவின் போன் வந்துவிட்டது. காசு வாங்காமல் வழக்கு நடத்தும் சின்னப் பெண். குரலில் தூக்கம் கலையாத பதற்றம்.

"அம்மா, அந்தப் பேனரை மோகன்குமார் ஆளுங்க போட்டோ எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி நான் வாதாடணும். சூசைமுத்து சார் யாரு பேனர்னு பாக்காம எல்லாத்தையும்தான் அவுக்குறாரு, இது தனிப்பட்ட பகை இல்லன்னு சொல்லப்போறேன். அவங்க இந்தப் படத்தைக் காட்டி, பாருங்க, தன் மொகம் இருந்தா மட்டும் விட்டு வைக்கிறாங்கன்னுவாங்க. அது போச்சுன்னா மொத்தமும் போச்சு. திங்கக்கிழமைக்கு முன்னால அது எறங்கியாகணும். எறங்குனதுக்கு ஸ்டேஷன்லருந்து எழுத்துல ஒரு அத்தாட்சியும் வேணும்."

"நான் போய் எறக்கச் சொல்றேன் தாயி."

சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்றுதான் அவள் அப்போது நம்பினாள்.

பேனரை ஒட்டியே சாமியானா போட்டு, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அறவழி உண்ணாநோன்பு தொடங்கியிருந்தது. பெருமாள்சாமி கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் 'சமூகச் செம்மல்' என்று போட்டுக்கொள்வார். அந்தப் பட்டத்தைக் கொடுத்த பேரவைக்குத் தலைவரும் அவரே என்பதால் கொடுப்பதிலும் பெறுவதிலும் சிக்கல் எழவில்லை. நோன்பிருந்த பதினைந்து பேருக்கும் எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்துகொண்டிருந்தது. மோர் உணவில் சேராது என்று செயற்குழு முதல்நாளே தீர்மானித்திருந்தது.

"வாம்மா, வா. வீராங்கனைக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா," என்றார் பெருமாள்சாமி. கையில் மைக் இருந்தது. அதை அவர் காலையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"இந்தப் பேனரை எறக்கணும்ணே."

"எதுக்கு? அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கோமே."

"வந்துருச்சா?"

"வரும்."

"அவரு எதுக்கு உள்ள இருக்காருன்னு தெரியுமாண்ணே?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட. அநீதியை எதிர்த்து."

"பேனரை எதிர்த்து."

பெருமாள்சாமி சிறுபிள்ளைக்கு விளக்குகிற முகத்தை எடுத்துக்கொண்டார். "அது ஆணவத்துல வைக்கிற பேனர். இது ஆதரவுல வச்சது. இதுல காந்தி இருக்காரும்மா."

"எங்க இருக்காரு? கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரு."

டீக்கடைப் பெஞ்சில் யாரோ புரையேறி இருமினார்கள். வக்கீல் சொன்னதை அவள் வரிசையாய்ச் சொன்னாள். பெருமாள்சாமி கேட்டுவிட்டு, மைக்கைக் கையால் பொத்தி, குனிந்து, சொந்தக்காரர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உள்ளதைச் சொல்றேன். இப்ப அவசரப்பட வேணாம். முப்பதாம் தேதி நாம மாநாடு வச்சிருக்கோம். வெளியூர்லருந்தெல்லாம் ஆளு வாராங்க. அதுவரைக்கும் சூசைமுத்து உள்ள இருந்தாருன்னா ஒரு எழுச்சி இருக்கும். அவரு மேடைக்கு வந்து உக்காந்துட்டா என்ன இருக்கு, நீயே சொல்லு."

மைக்கைப் பொத்துவதில் அவருக்குப் பழக்கமில்லை. முக்கால்வாசி வெளியே கேட்டுவிட்டது. கோழிக்கடை வரைக்கும் கேட்டது.

ஆனந்தமேரி முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். சத்துணவுக் கூடத்தில் அவள் சத்தம் போடாத நாள்தான் பிள்ளைகள் பயப்படும் நாள். வீட்டுக்கு நடந்தாள். கொல்லையில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைத் தோளில் ஏற்றி, மின்வாரியம் கொடுத்த கட்டிங் பிளேயரை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பினாள். கோபம் பெருமாள்சாமி மேல் பாதி, சூசைமுத்து மேல் பாதி. 'ஏணியையாவது வித்துத் தொலச்சிருக்கணும்' என்று வழிநெடுக முணுமுணுத்தாள்.

ஏணியைச் சாத்தி அவள் ஏறியதும் நோன்பு பாதியில் எழுந்து நின்றது.

"அம்மா, எறங்குங்க," என்றது ஒலிபெருக்கி. "தோழர்களே, தடுங்கள்."

தோழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போராளியின் மனைவியைக் காலைப் பிடித்து இழுப்பது எப்படி என்று செயற்குழுவில் பேசியிருக்கவில்லை. எதிரே டீக்கடையில் ஏழெட்டுச் செல்போன்கள் உயர்ந்திருந்தன.

ஏணி ஆடியது. பூக்கூடையோடு வளைவில் உட்கார்ந்திருந்த அப்பாஸ், ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி மெல்ல வந்து, ஏணியின் கீழ்ப்படியில் அமர்ந்தார்.

"நின்னு பிடிக்கச் சொல்லாதம்மா. உக்காந்தா நான் நல்ல கனம்."

"பாய், உங்களுக்காகத்தானே இவ்வளவும்," என்றார் பெருமாள்சாமி, மைக்கில்.

"எனக்காகவா? போன வாரம் என் கட்டைக் காலைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசுனீங்க. எறங்கி வந்து ஒரு மொழம் பூ வாங்குனீங்களா?"

ஆனந்தமேரி முதல் கட்டுக்கம்பியை வெட்டினாள். இத்தனை வருஷம் கீழே நின்று, 'விழுந்து தொலைக்காதீக' என்று கத்தியதில் முறை கண்ணில் பதிந்திருந்தது: மேல் ஓரம் முதலில், காற்று வரும் பக்கம் கடைசியில். முதலில் மடிந்து விழுந்தது தலைவரின் நெற்றி. பிறகு கும்பிட்ட கை. எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கவிழ்ந்தார்கள்.

"கிழிச்சுராதம்மா, கிழிச்சுராத."

"கிழிக்கமாட்டேன். அவருக்குப் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கம்பியை வெட்டினாள்.

"அக்கா, இடது பக்கம் இன்னொரு கட்டு இருக்கு," என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் உதவியது.

சுருட்டிய பேனர் அவள் நினைத்ததைவிடக் கனத்தது. ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்கே வைத்தபோது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் ஏட்டு பழனிக்குமார் பழக்க தோஷத்தில் வண்டிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க போட்டுருங்கக்கா. வெயிலுக்கு ஆகும்."

"போடுறதுக்கு வரல. எழுதிக் குடுக்க வந்திருக்கேன். வாங்கிக்கிட்டதுக்கு எனக்குச் சீட்டு வேணும்."

"மூணு வருசமா அண்ணனுக்கே சீட்டுக் குடுத்ததில்லக்கா. குடுத்தா, ஏன் நடவடிக்கை எடுக்கலன்னு எங்களைக் கேப்பாங்க."

அவள் எழுதினாள். 'நான்தான் அவிழ்த்தேன்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் அழுந்தியது. ஏட்டு அந்தத் தாளை, சூடான பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த நேரத்தில் பெருமாள்சாமி உள்ளே வந்தார். நோன்பை மூன்று மணிக்கே முடித்துவிட்டார் என்பது மீசையில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சட்னியில் தெரிந்தது. கையில் புகார். ஆதரவுக் குழுவுக்குச் சொந்தமான பேனரை, ஆனந்தமேரி, க/பெ சூசைமுத்து, சட்டவிரோதமாக அகற்றியதாகவும், அறவழிப் போராட்டத்தை அவமதித்ததாகவும் ஒன்றரைப் பக்கம். கீழே பட்டத்தோடு கையெழுத்து. வாங்கிக்கொண்டதற்குச் சீட்டைக் கேட்டு, அதையும் கையோடு பெற்றுக்கொண்டார். சங்கத்துச் செயலாளராக இருந்த பழக்கம். புகார் என்று வந்தபின் சீட்டை மறுக்க ஏட்டுக்கும் வழியில்லை.

பழனிக்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

"அக்கா, சமாதானமாப் போயிரலாம். இனிமே பேனர் பக்கம் போகமாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிருவாரு. ஒரு வரிதானக்கா. எழுதுனா கையா தேஞ்சிரும்?"

பெருமாள்சாமி பெருந்தன்மையாகத் தலையசைத்தார். பேனா அவள் பக்கம் நீண்டது.

ஆனந்தமேரி பேனாவை வாங்கினாள். எழுதினால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம். துவைத்த துணி கொடியில் கிடக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி எழுதிய மறுநிமிஷம் புகார் குப்பைக்குப் போகும், பேனர் வண்டிகள் மேல் போகும், அவள் எழுதிய தாள் எங்கோ போகும். திங்கட்கிழமை மோகன்குமாரின் வக்கீல் கையில் மட்டும் போட்டோ இருக்கும்.

"பொய்யா எழுதச் சொல்றீக?" என்றாள். அது யார் வாயிலிருந்து வந்த கேள்வி என்று தெரிந்ததும் முகம் இன்னும் சிவந்தது. பேனாவை மேஜையில் வைத்தாள். "வேணாம். கேசு போடுங்க."

"என்னக்கா."

"அண்ணன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்காரு, சீட்டும் வாங்கிட்டாரு. சூசைமுத்து பொண்டாட்டி சூசைமுத்து பேனரையே அவுத்துட்டான்னு தேதி, நேரம், எடத்தோட இருக்கு. இதைவிட அத்தாட்சி எங்க கெடைக்கும்? எஃப்ஐஆர் போட்டு எனக்கு ஒரு காப்பி குடுங்க. அண்ணே, தயவுசெஞ்சு வாபஸ் வாங்கிராதீக."

பெருமாள்சாமிக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் புகாரை எட்டி எடுக்கப் பார்த்தார். பழனிக்குமார் அனிச்சையாய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சீட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனி அது காணாமல் போனால் தொலைத்தவர் அவர்தான்.

பர்ஹானா வந்து சேர்ந்தபோது ஆனந்தமேரி பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் சுருட்டிய பேனர் இன்னொரு ஆள் மாதிரி சாய்ந்திருந்தது. உள்ளே தட்டச்சுச் சத்தம். வக்கீல் பெண் விவரத்தைக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மலர்ந்து, பிறகு தொழில் நினைவு வந்து அடங்கியது.

"திங்கக்கிழமைக்கு இது போதும்மா. ஆனா உங்களையும் எழுதித் தரச் சொல்லி நிப்பாங்க. தரலேன்னா உள்ள வைக்கவும் வாய்ப்பு இருக்கு."

"பொம்பளைகளுக்கு நிலக்கோட்டையிலதான ஜெயிலு?"

"ஆமா."

"பஸ் வசதி இருக்கு." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் பிளேயர் பதிந்த தடத்தைக் கொஞ்சம் பார்த்தாள். "நாளைக்கு அவரைப் பாக்கப் போவியா?"

"போவேன்மா. சொல்லட்டுமா?"

"மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடச் சொல்லு. இங்க நடந்ததைச் சொல்லிராத. அந்த மனுசன் சந்தோசப்படுவாரு."