அப்பா இல்ல

ஜோதிமணி டிவியின் கேபிள் வயரைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். பக்கத்து வீடு. ஓசூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி, மாலையில் ஒரே கணினி வகுப்பு.

"அப்பா ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்டி. கேட்டா கேபிள் போச்சுன்னு சொல்லிடு."

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிவி பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். அவளுக்குத் துணையாகப் போனது நான்தான். சேனல்காரர், "அப்பா?" என்று கேட்டார். "அப்பா இல்ல சார்" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார், கூட வரவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது? எனக்கும் அப்போது தப்பாகத் தோன்றவில்லை. நேற்று வந்த முன்னோட்டத்தில் அவள் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னால் வயலினை இழுத்து, 'தந்தையை இழந்த ஓசூர்க் குயில்' என்று போட்டுவிட்டார்கள். போன சீசனில் இப்படி ஒருத்திக்கு நாங்கள் இருவரும் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டோம். அவளுடைய அப்பாவும் ஷிப்டில்தான் இருந்தாரோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் படம்பிடிக்க வருகிறார்களாம். அப்பா படத்துக்கு மாலை போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். சொல்லிவிடு என்றேன். பாட வராதவளுக்கு அப்படிச் சொல்வது சுலபம்தானே என்று உடனே எனக்கே பட்டது.

அவள் அப்பா மாதேஸ்வரன் வந்தார். கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். ஜோதிமணி அவர் முகத்தைப் பார்க்காமலே களியை வைத்தாள்.

"ஏம்மா, கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் ஆஞ்சப்பன் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான். 'அண்ணா, நீ போயிட்டதா டிவியில சொல்றாங்களே'ங்கறான்."

"நான் அப்பிடிச் சொல்லலப்பா… நீ வேலைக்குப் போயிட்டேன்னுதான்…" அந்த நேரம் பார்த்து ஜோதிமணியின் போன் அடித்தது. சேனல்தான். மாதேஸ்வரன் இடது கையால் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா போட்டோ ரெடியாம்மா?"

"போட்டோ எதுக்குங்க சார்? ஜோதிமணி அப்பாதான் பேசறேன். ஞாயித்துக்கெழமை லீவுதான், நானே வந்து நிக்கறேன். மாலை மட்டும் நீங்க எடுத்துட்டு வந்துடுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுத்தார்கள். பிறகு, "மேல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள்.

"போச்சு" என்றாள் ஜோதிமணி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த முகம்.

"போனா போவுது. ஊரே கேட்டுடுச்சு, நான்தான் கேக்கல. என்னா பாட்டும்மா பாடின?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள். கிள்ளிய களி அவர் விரல்களிலேயே நின்றது. தெருவில் கம்பெனி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. குரலை உயர்த்திக்கொண்டாள்.