றேடியோப் பாடம்

அம்பிகைக்கு நாலு வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து மாறியது. மாறிய கையோடு இரண்டு காதும் சீழ் வழியத் தொடங்கின. தாய் நாகமுத்து எண்ணெய் காய்ச்சி விட்டாள். வழிவது நின்றதும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். பேச்சு முன்னமே வந்திருந்ததால் பிள்ளை தொடர்ந்து கதைத்தாள். குரல் கொஞ்சம் மூக்கால் வந்தது, அவ்வளவுதான். பின்னால் நின்று கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். பிடிவாதக்காரி என்று அயலில் பேர் எடுத்தாள். குருநாகலில் கடை வைத்திருந்த தகப்பன் அப்புத்துரை, நயினாதீவு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாய்" என்று மனைவியைக் கண்டித்துவிட்டுப் போவார்.

தனக்கு ஒரு குறை இருப்பதாக அம்பிகைக்குத் தெரியாது. கோயில் மேளம் அவளுக்குக் கேட்கும், வெடி கேட்கும். மனிதர் கதைப்பதை முகத்தில்தான் பார்க்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அடுப்பைப் பார்த்தபடி அம்மா ஏதும் சொன்னால், அது தனக்குச் சொன்ன கதை இல்லை என்று விட்டுவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாய்த்தவர் தம்பையா மாஸ்ரர். மீசை இல்லாத அகன்ற முகம். ஒரு சொல்லைச் சொன்னால் நெற்றியும் கண்ணும் சேர்ந்து சொல்லும். சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதுவார். சின்னப் பிள்ளைகளையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். முன் வாங்கில் இருந்த அம்பிகை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் அவள்தான் முதலாம் பிள்ளை. "இவ ஒரு நாளைக்கு ரீச்சரா வருவா" என்று அவர் நாகமுத்துவிடம் சொன்னதை அம்பிகை பக்கத்தில் நின்று பார்த்தாள். சந்தோசத்தில் அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அறுபத்தோராம் ஆண்டு, அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு றேடியோ வந்தது. மாஸ்ரர் ஆசைப்பட்டு, அரசாங்கக் கந்தோர் கந்தோராக எழுதிப்போட்டு, ஊரையும் சேர்த்துக்கொண்டு வாங்கியது. பூவரசில் ஏரியல் கம்பி கட்டி, பற்றறி பூட்டி, மேசையில் வைத்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய படிப்புப் படித்த ஆட்கள் இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பில் மாஸ்ரருக்கு இரவு நித்திரை வரவில்லையாம்.

பாடம் தொடங்கியதும் அவர் வகுப்பின் பின்பக்கம் போய்க் கதிரையில் இருந்துகொண்டார். றேடியோப் பாடத்துக்கென்று வந்த வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பிள்ளைகள் பெட்டியைப் பார்த்தார்கள். அம்பிகையும் பார்த்தாள். பெட்டியின் முன்பக்கத்துத் துணி மெல்ல அதிர்ந்தது. இதைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள் என்று எண்ணி, அந்தத் துணியைக் கண் நோகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது தானும் சிரித்தாள். பிறகு ஏலாமல், பின்னால் திரும்பி மாஸ்ரரின் முகத்தைத் தேடினாள்.

"முன்னுக்குப் பாரும் பிள்ளை," என்றார் அவர்.

முன்னுக்குப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் திரும்பினாள்.

முடிந்த பிறகு மாஸ்ரர் கேள்வி கேட்டார். கடைசி வாங்குக்காரர்கூட மறுமொழி சொன்னார்கள். முன்பு வாய் திறக்காத யாக்கோப்பு எழும்பி நின்று கடகடவென்று சொன்னான். அம்பிகை எழும்பி நின்றாள், அவ்வளவுதான். முதலில் மாஸ்ரர் ஆச்சரியப்பட்டார். கிழமைகள் போகப் போக அவருக்கு மனம் நொந்தது. தான் பாடுபட்டுக் கொண்டுவந்த பொருளை இந்தப் பிள்ளை மட்டும் மதிக்கவில்லை, முதலாம் பிள்ளை என்ற தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்தார். ஒருநாள், அவள் நாலாம் தரமும் திரும்பியபோது, எழும்பி வந்து கோடு போடும் அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடித்தார்.

"நீ வேணுமெண்டு செய்யிறாய்," என்றார்.

அடி நோகவில்லை. 'நீ' என்று அந்த உதடுகள் போனதுதான் நொந்தது. அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை. எந்தப் பாடத்திலும் அவர் முகத்தைப் பார்க்கவும் பயந்தாள். பார்க்காமல் விட்டதால் இருந்த பாடமும் போயிற்று.

ஐந்தாம் வகுப்புச் சோதனையில் யாக்கோப்பு உதவிப்பணம் பெற்று, யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிக்குப் போனான். அம்பிகை சோதனையில் தவறினாள். "படிச்சது காணும்," என்று அப்புத்துரை மறித்துவிட்டார். அவள் குசினி அடுப்பும் ஆடும் புகையிலைத் தோட்டத்துத் தண்ணீருமாக வளர்ந்தாள்.

பத்தொன்பது வயதில் கரம்பொனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தமக்கை அறைக்கு வெளியே நின்று, "தங்கச்சி, கொஞ்சம் வெளியிலை வாருமன்," என்று மூன்று தரம் கூப்பிட்டாள். அம்பிகை யன்னலைப் பார்த்தபடி தலை வாரிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள், பெட்டைக்குக் காது கேளாது என்று சொல்லி, தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்கள். பிறகுதான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காது சின்ன வயதிலேயே போய்விட்டது, இத்தனை நாளும் முகத்தைப் பார்த்துச் சமாளித்திருக்கிறாள் என்றார் டொக்ரர். "இந்தப் பிள்ளை எப்பிடிப் படிச்சது?" என்று அவரே கேட்டார்.

கதை தீவு முழுக்கப் போயிற்று. மூன்றாம் நாள் தம்பையா மாஸ்ரர் வாசல் படலையடியில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. உள்ளே வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சனான் சேர்," என்றாள் அம்பிகை. "மற்றப் பிள்ளையளுக்கு அந்தப் பெட்டி விளங்குது, எனக்கு மூளை காணாது எண்டு நினைச்சனான்."

மாஸ்ரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குப் பின்னால் அவர் ஏதோ சொன்னார். என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. குசினி வாசலில் நின்ற நாகமுத்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து அவர் பின்னேரங்களில் புத்தகம் கொண்டுவந்து அவளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். விட்ட இடமான ஐந்தாம் வகுப்பிலிருந்து. அம்பிகைக்கு விளங்கியது. எல்லாம் சுலபமாக விளங்கியது, அதுதான் அவளுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. இவ்வளவுதானா அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது என்று ஒவ்வொரு பக்கத்திலும் நினைத்தாள். அவருக்காகத்தான் கொஞ்ச நாள் இருந்தாள். ஒருநாள் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"போதும் சேர். கோவிக்காதேங்கோ. இது அந்த வயசிலை வேணும்."

அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

எழுபத்திரண்டில் பள்ளிக்கூடத்துக்கு ரேப் றெக்கோடர் கொடுத்தார்கள். நாடாவில் பதிந்த பாடத்தை எத்தனை தரமும் போட்டுக் கேட்கலாமாம். மாஸ்ரர் அதற்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு வசனம் முடிய நிற்பாட்டி, தன் வாயால் திருப்பிச் சொன்னாராம், சொல்லிவிட்டு எழுதினாராம். பார்க்க வந்த அதிகாரி, "அப்ப இந்த மெசின் என்னத்துக்கு?" என்று கேட்டுச் சிரித்தாராம். முதலில் எல்லாப் பிள்ளைகளின் காதையும் கண்ணையும் பார்க்க ஒரு டொக்ரரை அனுப்புங்கோ என்று மாஸ்ரர் கேட்டார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். ஒருவரும் வரவில்லை. இதையெல்லாம் பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை, அம்பிகைக்கு முன்னால் குந்தியிருந்து, நிதானமாகச் சொன்னாள்.

இரண்டு வருசம் கழித்து மாஸ்ரர் ஓய்வு எடுத்து, கொக்குவிலில் இருந்த மகளிடம் போனார். போகிற அன்று துறைக்கு அம்பிகையும் தாயும் வந்தார்கள். மோட்டர் வள்ளத்தின் எஞ்சின் தொடங்கிய பிறகுதான் அவர் அவர்களைக் கண்டார். எழும்பி நின்று ஏதோ சொன்னார். எழுதுவதுபோலக் கையை ஆட்டினார். அதற்குள் வள்ளம் திரும்பி, ஆட்கள் அவரை மறைத்துவிட்டார்கள்.

"என்னம்மா சொன்னவர்?"

"எஞ்சின் சத்தம் பிள்ளை. எனக்கும் கேக்கேல்லை."

கடிதம் வரும் என்று அம்பிகை ஒன்றிரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்திருந்தாள். அந்த மாரிகாலத்திலேயே அவர் செத்துப்போன செய்திதான் வந்தது. நாகமுத்து அதைச் சொல்ல மகளின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அம்பிகை முதல் சொல்லிலேயே விளங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.